அவலாஞ்சி முதல் பாம்பன் வரை: தண்ணீர் போகும் வழியில்

நீலகிரி உச்சியில் விழும் மழை கடலைச் சேரும் வரை எந்தெந்த நிலங்களைத் தாண்டிப் போகிறது என்று ஒருமுறை கூடவே போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பொங்கல் கூட்டம் வடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு நாள் இரவும் எழுதி வைத்ததை அப்படியே இங்கே தருகிறேன். உடம்பு அலுத்துப்போனது உண்மை. ஆனால் இத்தனை வருடமாக வெறும் நிலம் என்று நினைத்து ஜன்னல் வழியே தாண்டிப்போன இடங்கள்தான் இந்தப் பயணத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தன.

ஜனவரி 18, அவலாஞ்சி

தலைகுந்தாவில் காலை ஆறரைக்கு டீக்கடை வாசலில் நின்றபோது புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. வண்டிகளின் கூரையிலும் அதே வெள்ளை. டீ 15 ரூபாய், இரண்டு வர்க்கி 20 ரூபாய். கடைக்காரர் கையை அடுப்புக்கு மேல் காட்டியபடியே சொன்னார்: "நவம்பர்ல நீர்ப்பனிங்க, அது ஒண்ணும் செய்யாது. இப்ப விழறது உறைபனி. கேரட்டு, உருளை எல்லாம் கருகிடும்."

அவர் காய்கறித் தோட்டத்தைப் பற்றித்தான் சொன்னார். அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் மேலே போனபோது அதே உறைபனி மலையையே வகுத்து வைத்திருப்பது தெரிந்தது. மலையின் மடிப்புகளில், ஓடை இறங்கும் இடங்களில் மட்டும் சோலைக்காடு இருக்கிறது. குட்டையான மரங்கள், பாசி போர்த்திய கிளைகள், மேலே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இலைக்கூரை. அந்த மடிப்பை விட்டு ஓரடி வெளியே வந்தால் புல், வானம் வரைக்கும் புல். காடு ஏன் அங்கேயே நின்றுவிட்டது? வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று உறைபனியில் கருகிப்போகிறது. புல்லுக்குக் குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். யாரும் வெட்டி அழித்ததால் வந்த வெட்டவெளி இல்லை இது. சுமார் 1,800 மீட்டருக்கு மேல் இந்த மலைகளில் காடும் புல்லும் இப்படிப் பக்கம் பக்கமாகவே பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது இந்தப் புல்வெளி அவர்கள் கண்ணுக்குப் பயனில்லாத நிலமாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்து இறங்கின. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பிறகு ஆலைகளுக்கும் என்று சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று பெரும்பாலான சரிவுகளில் நாம் பார்த்துப் பரவசப்படும் பச்சை அந்தச் சீகைதான். அதை வெட்டினாலும் போகாது. விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். வனத்துறை ஒரு சரிவில் வெட்டி, கன்றுகளைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நாற்றுப்போல நட்டிருக்கிறது. சின்னச் சின்னக் கற்றைகளாக, இடையில் ஒரு முழம் விட்டு. அந்தச் சரிவின் முன் வெகுநேரம் நின்றேன்.

வண்டியில் உடன் வந்த தோடர் ஒருவர், மந்து என்னும் எங்கள் குடியிருப்பில் கோயில் கூரை வேய வேண்டிய புல் இப்போது பக்கத்தில் கிடைப்பதில்லை, வெகுதூரம் போய் அறுத்து வருகிறோம் என்றார். எருமைக்கு மேய்ச்சல் இல்லை என்பதையும் அதே குரலில்தான் சொன்னார். வரையாட்டுக்கும் புல்வெளியும் பாறையும்தான் வீடு. 2024இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள். நம் மாநில விலங்கு அன்று நம் மாநிலத்தில் அவ்வளவுதான் இருந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் குந்தா ஆறாகி, பவானியாகி, காவிரியில் சேரும். இன்று பார்த்தபோது புல்லின் அடியிலிருந்து கசிந்து வந்த நீர் விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மழை நின்று எத்தனையோ நாளாகியும் ஓடுகிறது.

ஜனவரி 19, மசினகுடி

கல்லட்டி வழியாக இறங்கும் அரசுப் பேருந்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வர வர ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் என்று எல்லோரும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மேலே மேற்கு விளிம்பில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, இந்தப் பக்கம் மலை மறைப்பதால் அதில் பாதிகூட வருவதில்லை. பேருந்தில் வந்தால் ஒரு மணி நேரம், ஆனால் வேறு ஊருக்கே வந்துவிட்டது போல மரமெல்லாம் மாறிவிடுகிறது. இலை உதிர்த்த தேக்கு, வெக்காலி, நடுவில் முள் புதர்.

கீழே வந்தபின் ஒரு திருப்பத்தில் பேருந்து நின்றது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். முன் சீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் வாயில் தாய் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து கதவருகே போனை நீட்டியபோது, மூங்கில் கூடை வைத்திருந்த கிழவி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் அந்தப் பேருந்தில் யாருமே பேசவில்லை.

யானை தின்ன வேண்டியது புல். ஆனால் காட்டுக்குள் எட்டிப்பார்த்தால் புல் இருக்க வேண்டிய இடமெல்லாம் உண்ணிச்செடி. அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. அதன் அடியில் வேறெதுவும் தலை தூக்க முடிவதில்லை. இன்னொரு பக்கம் மஞ்சளாய்ப் பூக்கும் அந்நியக் கொன்றை. அதை வெட்டிக் காகிதக் கூழாக்க அரசு ஆலைக்கு அனுப்புகிறார்கள். நல்ல வேலை, ஆனால் வெட்டும் வேகத்தைவிட வளரும் வேகம் அதிகம். இங்குள்ள பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சியை வேகவைத்து வளைத்து ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்கிறார்கள். ஒரு பட்டறையில் பாதி முடிந்த தந்தமில்லாப் பெண் யானை நின்றது. கண் இன்னும் வைக்கவில்லை.

வறண்ட காடு பார்க்கச் செத்தது போல இருப்பதால் அங்கே ஒன்றும் நடக்காது என்று எண்ணுகிறோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முதுமலைக்குள் 50 ஹெக்டேர் காட்டை 1988 முதல் விடாமல் கணக்கெடுத்து வருகிறது. ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தனி எண். வறட்சி, தீ, யானை, மறுபடி மழை என்று அத்தனையும் அங்கே மரங்களின் சாவிலும் பிறப்பிலும் பதிவாகிக்கொண்டிருக்கிறது. தரையோடு ஓடும் தீயில் மேலே கருகிய கன்று மண்ணுக்குள் வேரை வைத்திருக்கும். மழை வந்ததும் மறுபடி தளிர்க்கும்.

மாலையில் மாயாற்றுப் பக்கம் உயரமான நீர்மத்தி மரத்தில் பாறு கழுகின் கூட்டைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்த பிறகும் எண்ணிக்கை பழைய நிலைக்கு வரவில்லை. தென்னிந்தியாவில் இவை கூட்டமாகக் கூடு கட்டும் இடம் என்று பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்குதான் முக்கியமானது. கழுகு இல்லாத காட்டில் செத்த உடல் வெகுநாள் கிடந்து அழுகும், நாய் பெருகும், நோய் பெருகும்.

இரவு ராகிக் களியும் கீரைக் குழம்பும், 80 ரூபாய். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஜனவரி 20, பவானி

பகல் முழுக்கப் பேருந்து. எழுத அதிகமில்லை. மாயாறும் பவானியும் பவானிசாகர் அணையில் சேர்ந்து, பிறகு பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கின்றன. படித்துறையில் கால் நனைத்து ஒரு கரும்புச்சாறு குடித்தேன், 30 ரூபாய். இரவு ரயிலில் மேல் படுக்கையில் இருந்தவரின் குறட்டையைத் தவிர வேறு குறையில்லை.

ஜனவரி 21, நீடாமங்கலம்

மாமா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். பொதுப்பணித்துறையில் மதகுகளை ஏற்றி இறக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்துவிட்டு, "மலையேறி இறங்கி மூஞ்சியெல்லாம் வத்திப்போச்சு பாரு" என்றார்.

சாப்பிட்டதும் மாமா என்னை மூணாறு தலைப்புக்குக் கூட்டிப்போனார். வெண்ணாறு இங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. "இந்த ஷட்டரை எத்தனை ராத்திரி ஏத்தி எறக்கியிருப்பேன் தெரியுமா மாப்ள. மழைக்காலத்துல தூக்கம்னு ஒண்ணு கிடையாது." கல் மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தோம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள். அதுவரை தண்ணீர் வரும்.

நான் இதுவரை பார்த்த காடும் புல்வெளியும் தானாக அமைந்தவை. இங்கே நெல்வயல் மனிதன் உண்டாக்கிய சதுப்பு நிலம். ஆனால் அதற்குள் வாழும் உயிர்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக வரப்போரம் நின்றன. அவற்றின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். ஒன்று தலையை நீருக்குள் விட்டு நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் சதையை இழுத்து விழுங்கியது. அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் கிடை போட்டிருந்தார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு, வாத்தின் எச்சம் வயலுக்கு.

இங்கே ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நின்றுகொண்டிருக்கும் கதிருக்கு நடுவில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள். உழவு கிடையாது, நீர் பாய்ச்சுவது கிடையாது. நெல் அறுத்ததும் மிச்சம் இருக்கும் மண் ஈரத்திலும் தையில் பெய்யும் பனியிலும் உளுந்து வளர்ந்துவிடும். ஒரு வயலில் தாளுக்கு நடுவே குனிந்து பார்த்தேன். இரண்டிரண்டு இலையோடு முளைத்து, ஒவ்வொரு இலையிலும் பனித்துளி நின்றது. அவலாஞ்சியில் கன்றைக் கருக்கிய பனி இங்கே பயிருக்குப் பாசனம். ஆனால் இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் ஈர வயலில் இறங்கி முளைத்த உளுந்தை நசுக்கிவிடுகிறது என்று மாமா வருத்தப்பட்டார்.

இரவு பதினோரு மணிக்குப் பருவம் தப்பிய மழை. தெரு முழுக்க ஓட்டம். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் கொட்டிக் கிடந்த நெல்லை மூட நானும் ஒரு படுதாவின் முனையைப் பிடித்தேன். அரசு எடுக்கும் ஈரப்பத அளவு 17 சதவீதம். ஒரு மழை பெய்தால் அதைத் தாண்டிவிடும், மறுபடி காயவைக்க வேண்டும். யாருடைய நெல் என்று பார்க்காமல் எல்லோரும் எல்லா அம்பாரத்தையும் மூடினார்கள். ஒரு மணிக்குத் திரும்பி வந்து அத்தை கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

ஜனவரி 22, முத்துப்பேட்டை

மாமாவும் கிளம்பிவிட்டார். "வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப்போறேன், நானும் வரேன்." ஜாம்புவானோடையில் படகு ஏறும்போதும் தூறல் விடவில்லை. ஆற்றின் இரு கரையிலும் முதலில் சீமைக்கருவேலம், பிறகு மெல்ல மெல்ல அலையாத்தி. ஒரே உயரத்தில், சாம்பல் பச்சையில், வேலி பிடித்தாற்போல.

படகுக்காரர் கரையோரம் ஒதுக்கி ஓர் இலையைப் பறித்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பொடிப்பொடியாக வெள்ளை. நாக்கில் வைத்தேன், சுத்த உப்பு. வேர் வழியே வந்த உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. கீழே சேற்றிலிருந்து பென்சில்களைச் சொருகி வைத்தது போல ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. இந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. வேர் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அந்த வேர்களுக்கு நடுவில் சேற்று உளுவைகள் தண்ணீரைவிட்டு வெளியே வந்து துடுப்பை ஊன்றித் தாவிக்கொண்டிருந்தன.

"எந்த ஆறுங்க இது?" என்று மாமா கேட்டார்.

"கோரையாறுங்க ஐயா. அந்தாண்ட பாமணியாறும் வந்து சேரும். எல்லாம் இந்த லகூன்லதான்."

மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் தொறந்துவிட்ட தண்ணியெல்லாம் இங்கதானா வந்துச்சு" என்றார். பணியில் இருந்த காலம் முழுக்கத் தலைப்பில் நின்றவர் முகத்துவாரத்தைப் பார்த்தது இன்றுதான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. கடலுக்குப் போவதை வீண் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வருகிற நன்னீர்தான் இந்த உப்பங்கழியின் உப்பை மட்டுப்படுத்தி இறால் குஞ்சையும் மடவையையும் கொடுவாவையும் வளர்க்கிறது என்று படகுக்காரர் விளக்கினார். தண்ணீர் குறைந்த வருடங்களில் மீன் குறைவதை அவர் தன் வலையில் பார்த்திருக்கிறார். கடலுக்குப் போகும் நீர் வீண் என்று இனி யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அலையாத்திக்குப் பின்னால் மரமே இல்லாத சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. இதில் ஒரு பகுதி பழைய காலத்துத் தவறு. வெள்ளைக்காரர் காலம் தொடங்கி அலையாத்தியைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில்பட்டு மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. கடல் ஏறும் ஓதத்தில் வந்த நீர் திரும்பிப் போகாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போயிற்று. பிறகு மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் உள்ளே வந்து வெளியே போக வழி செய்ததும் மரம் மறுபடி பிடித்தது. கன்று நடுவதைவிட நீரோட்டத்தைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. ஆனால் எல்லாச் சேற்றுவெளியும் அழிந்த காடு இல்லை. காலாகாலமாகச் சேறாகவே இருந்து பறவைகளுக்குச் சோறு போடும் இடங்களும் உண்டு. அங்கே போய் மரம் நட்டால் அது கெடுதல்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இங்கே பக்கத்தில்தான் கரையேறியது. ஊருக்குள் தென்னை அத்தனையும் சாய்ந்ததைப் படகுக்காரர் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மதியம் மடவைக் குழம்பும் இறால் தொக்கும் சாப்பிட்டோம், ஆளுக்கு 150 ரூபாய். குழம்பு கேட்கக் கேட்க ஊற்றினார்கள்.

ஜனவரி 23, கோடியக்கரை

வேதாரண்யத்தைத் தாண்டியதும் இரு பக்கமும் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண். நேற்றைய மழையில் பாத்திகள் நீர் கட்டிக் கிடந்தன. ஒரு தொழிலாளி வரப்பில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லுக்கு நடந்ததுதான் உப்புக்கும்.

சரணாலயத்துக்குள் போன ஜீப் சேற்றில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். மாமாவின் வேட்டி முழங்கால் வரை சேறு. அந்த முக்கால் மணி நேரத் தாமதத்தால்தான் வெளிமான்களைப் பார்த்தோம். கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஒரு கடா, பின்னால் பழுப்பு நிறத்தில் பெட்டைகள். வழிகாட்டி, "சார், அசையாதீங்க, அதுங்களே கிட்ட வரும்" என்றார். வந்தன.

வெளிமானுக்காகத்தான் 1967இல் இந்தச் சரணாலயம் ஏற்பட்டது. அதற்கு வேண்டியது திறந்த புல்வெளி. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓட இடம் வேண்டும். அந்தப் புல்வெளிக்குள் இப்போது சீமைக்கருவேலம் முன்னேறிக்கொண்டே வருகிறது. நீலகிரியில் சீகை, மசினகுடியில் உண்ணி, இங்கே கருவேலம். பெயர்தான் மாறுகிறது. பக்கத்திலேயே பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் மழையில்லாமல் இருந்தும் இலை உதிர்க்காத காடு. இலைகள் தடித்துச் சின்னதாக, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். சோழமண்டலக் கரையோரம் இப்படிப்பட்ட காடுகள் இப்போது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. காட்டில் தானாகத் திரியும் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் வெளிமானின் புல்லையும் அவைதான் தின்கின்றன.

பிற்பகலில் சதுப்பில் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, வடிகட்டித் தின்றபடி நகர்ந்துகொண்டே இருந்தன. உப்பு நீரில் வாழும் நுண்ணிய பாசிகளும் கூனிப்பொடி போன்ற உயிர்களும்தான் அவற்றுக்கு இரை. அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. எல்லோரும் அவற்றையே படமெடுத்தார்கள். நான் காலடியில் ஓடிய கொசு உள்ளான்களில் ஒன்றிப்போனேன். சிட்டுக்குருவி அளவுதான். சைபீரியாவின் வடகோடியில், மரமே வளராத, அடிமண் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும் துந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வருகிறது. அங்கே கோடையில் உறைமண்ணின் மேல்பகுதி உருகி, நீர் கீழே இறங்க வழியில்லாமல் குட்டை குட்டையாகத் தேங்க, கொசுவும் பூச்சியும் பெருகும். குஞ்சுக்கு அது தீனி. இங்கே சேற்றில் புழு. மரமில்லாத அந்த நிலமும் மரமில்லாத இந்தச் சேறும் சேர்ந்துதான் இதற்கு உலகம். இரண்டில் ஒன்றை நாம் மேம்படுத்திவிட்டால் பறவை முடிந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி அனுப்புவது இந்த வழித்தடத்தை அறியத்தான். இந்தச் சதுப்பு 2002 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது.

ஜனவரி 24, மனோரா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே. சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்கு மனோராவை வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடலோரம் வந்தோம். வாடை பலமாக அடித்தது. கரையில் நாடா நாடாகப் பச்சைப் புல் ஒதுங்கிக் கிடந்தது. மீனவர்கள் தாழை என்கிறார்கள். இது பாசி இல்லை, வேரும் தண்டும் பூவும் உள்ள செடி. கடலுக்குள் இருக்கும் புல்வெளி.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி 15 மீட்டருக்குள். வெயில் தரை வரை எட்டுவதால் புல் வளர்கிறது. அதை மேய ஆவுளியா வருகிறது; கடல் பசு என்று புத்தகத்தில் எழுதும் அதே விலங்கு. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும், பல வருடத்துக்கு ஒரு குட்டி போடும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இந்தக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது.

நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், சிறுவயதில் ஆவுளியா கறி தின்றிருக்கிறேன் என்று மறைக்காமல் சொன்னார். "இப்ப வலையில விழுந்தா வலைய அறுத்து விட்டுடறோம் தம்பி. மூச்சுவிட மேல வரும்ல, அப்ப ஆள் மாதிரியே பெருமூச்சு விடும். அதைக் கேட்டப்புறம் எப்படி அடிக்கிறது?" இழுவைமடி தரையைச் சுரண்டிக்கொண்டு போனால் தாழை வேரோடு வந்துவிடும், நண்டும் கூடவே போய்விடும் என்றார். அவர் விற்ற நண்டு கிலோ 400 ரூபாய். பக்கத்து வீட்டிலேயே மிளகு போட்டு வறுத்துத் தந்தார்கள். சமையலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மாமா இங்கிருந்து ஊர் திரும்பினார். பஸ் ஏறும்போது, "அந்த மலைப் புல்வெளிக்கு என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போ மாப்ள" என்றார்.

ஜனவரி 25, பாம்பன்

பாலத்தின் மேல் நின்றால் இரண்டு கடலும் தெரியும். வாடைக்காலம், வடகடல் கலங்கி அலையடிக்கிறது. தென்கடல் பக்கம் சாதாரணமாக இந்த மாதத்தில் அமைதியாக இருக்கும். அதை நம்பித்தான் குருசடைத் தீவுக்குப் போக வந்தேன். காற்று எச்சரிக்கையால் படகு கிடையாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பவளப்பாறையை நேரில் பார்க்கும் எண்ணம் போயிற்று. மனது சோர்ந்துதான் போனது.

கரையில் பாசி காயவைத்துக்கொண்டிருந்த பெண்களோடு பேசிக்கொண்டு உட்கார்ந்தேன். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தனித்தனிக் குவியல். கடலுக்குள் மூழ்கி, பார் என்று அவர்கள் சொல்லும் பவளப்பாறைகளின் மேல் வளர்வதைக் கையால் பறிக்கிறார்கள். மாதம் 12 நாள்தான் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஓர் அக்கா விரல்களைக் காட்டினார். துணி சுற்றிக் கட்டியும் நுனியெல்லாம் கீறல். பார் கிழித்தது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. பவளம் பார்க்கக் கல், ஆனால் உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு செய்து தருகிறது. நீர் அளவுக்கு மேல் சூடானால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 2010இலும் 2016இலும் இங்கே பெரிய அளவில் வெளுத்தது.

"சித்திரையில தண்ணி சுடும் தம்பி," என்றார் அந்த அக்கா. "முங்குறப்ப தெரியும். அப்ப பார் எல்லாம் பல்லு மாதிரி வெள்ளையா இருக்கும். மறுவருஷம் போய்ப் பார்த்தா சிலது திரும்ப நிறம் புடிச்சிருக்கும், சிலது பாசி மூடிக் கெடக்கும். செத்ததுல மீனும் தங்காது."

எது பிழைத்தது, எது செத்தது என்று எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெரிய பார்களுக்கு அவர்களிடம் பெயர் இருக்கிறதாம். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொள்ளலாமா என்றதற்குச் சிரித்துவிட்டு, எழுதிக்கோங்க, ஆனா எடம் எங்கன்னு போடாதீங்க என்றார். எழுதிக்கொண்டேன், இங்கே போடவில்லை.

மதியம் ஊளி மீன் வறுவலோடு சாப்பாடு, 180 ரூபாய். மாலை ராமநாதபுரம் பஸ். சித்திரையில் வந்தால் வெளுத்த பாரைக் காட்டுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் பங்குனியில் மாமாவை அவலாஞ்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஸ்வெட்டர் வாங்கிவிட்டதாக அத்தை இப்போதுதான் போன் செய்தார்.